பதினான்காம் பாத்தியில் நின்ற வண்டி

பட்டுக்கனியின் பழைய மோட்டார் சைக்கிள் முதன்முதலாக நின்றுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சிப்பித்தரை உப்பளங்கள் முடிந்து தார்ச்சாலை தொடங்குகிற மதகுப் பாலத்தில். இஞ்சின் இரண்டு முறை விக்கி, மூன்றாவது விக்கல் வராமலே அடங்கியதும், வண்டியின் மேலும், வண்டியில் இருந்த அவள் மேலும், டேங்கின் மீது முன்னால் உட்கார்ந்திருந்த மகள் வடிவின் மேலும் ஒரு பெரிய மரத்தின் நிழல் வந்து விழுந்தது. மரம் எதுவும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பாத்தியும் வரப்பும் உப்பு அம்பாரமும்தான், முள்ளுச்செடிகூடத் தலைதூக்காத மண், நிழல் என்றால் அவரவர் காலடியில் கிடக்கும் அவரவர் நிழல்தான் என்று பழகிப்போன ஊர். ஆனாலும் நிழல் விழுந்தது, கிளையும் இலையுமாக விழுந்தது, காற்று அடித்தபோது அசைந்தது, அசைந்தபோது நடுநடுவே வெயில் காசு காசாகச் சிந்தியது, பட்டுக்கனியின் முதுகில் சட்டைக்கு அடியில் ஊறியிருந்த வேர்வை சில்லிட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வானம் இருந்தது, சூரியன் இருந்தது, அவளுக்கும் சூரியனுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்பதரை. நிழலைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. பத்து மணி வகுப்பைப் பற்றித்தான் யோசித்தாள்.

வடிவுக்கு அப்போது ஐந்து வயது முடிந்து மூன்று மாதம். காது கேளாமல் பிறந்தவள். போன வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் அவள் தலைக்குள் ஒரு கருவியை வைத்துத் தைத்திருந்தார்கள். காதுக்குப் பின்னால் ஒரு வட்டவில்லை ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் வழியாகச் சத்தம் உள்ளே போகும். ஆனால் உள்ளே போவது அலையா, லாரியா, அம்மாவா என்று பிரித்துச் சொல்லிக் கொடுத்தால்தான் அது கேட்பது ஆகும், இல்லாவிட்டால் வெறும் இரைச்சல், ஆறு வயதுக்குள் அந்தக் கதவு திறக்காவிட்டால் அப்புறம் ரொம்பக் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கான வகுப்பு தூத்துக்குடியில், செவ்வாயும் வெள்ளியும், பத்து மணி முதல் பத்தரை வரை. சிப்பித்தரைக்கு பஸ் கிடையாது. ஆறு கிலோமீட்டர் வரப்புச்சாலையில் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பட்டுக்கனி நான்கு மாதம் நடந்து பார்த்தாள்; வெயிலில் வதங்கிய பிள்ளை வகுப்பில் போய்த் தூங்கியது. கணவன் லிங்கதுரை குஜராத் பக்கம் ஒரு உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தான். லீவுக்கு வந்தபோது அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து, இந்தப் பழைய வண்டியையும் வாங்கிக் கொடுத்து, பேராச்சி அம்மன் கோயிலில் பூஜையும் போட்டுவிட்டு ரயில் ஏறினான். பூசாரி தாராளக் கைக்காரர். ஹேண்டில்பாரில், ஹெட்லைட்டில், டேங்க் மூடியில் எல்லாம் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி அனுப்பியிருந்தார்.

அன்று மதகில் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தவள் சொர்ணம். பதினான்காம் பாத்தியில் உப்புச் சுமக்கும் பதினொரு பெண்களில் ஒருத்தி, அவர்களுக்குத் தலைவி, பட்டுக்கனிக்கு அண்ணன் பெண்டாட்டி முறை. குடத்தோடு வந்து நிழலின் ஓரத்தில் நின்றாள்.

“ஏளா பட்டு, என்னளா இது?”

“வண்டி நின்னுட்டு மைனி.”

“அதான் தெரியுதே. இது?” சொர்ணம் காலால் தரையைக் காட்டினாள்.

“நெழலு.”

“யாரு நெழலு?”

“தெரியலயே மைனி.”

சொர்ணம் சற்று நேரம் யோசித்தாள். பிறகு குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். “தெரியலன்னா இருந்துட்டுப் போவுது. நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

கால் மணி நேரம் கழித்து வண்டி தானாகவே கிளம்பியது. நிழல் பாயைச் சுருட்டுவதுபோல ஒரு ஓரத்திலிருந்து சுருண்டு, இருந்த இடம் தெரியாமல் போயிற்று. வடிவு வகுப்புக்குப் பன்னிரண்டு நிமிடம் தாமதம்.

வெள்ளிக்கிழமையும் நின்றது, நிழல் விழுந்தது. அடுத்த செவ்வாயும் அப்படியே. அதற்குள் அளத்துக்காரர்கள் எல்லோருக்கும் செய்தி தெரிந்துவிட்டது. யாரும் ஓடிவரவில்லை, யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பதுபோல, பட்டுக்கனி வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டார்கள். சாவியைத் திருப்பி நிறுத்தினால் நிழல் வராது, தானாக நின்றால்தான் வரும் என்பதை இரண்டே வாரத்தில் கண்டுபிடித்தார்கள். என்ன மரம் என்பதில்தான் கடைசிவரை ஒத்துவரவில்லை. சொர்ணம் வேம்பு என்றாள். கங்காணி ஏசுவடியான் புங்கை என்றார். இலை பொடிப்பொடியாகத் தெரிகிறதே, புளிதான் என்று ஒரு கட்சி இருந்தது. சில நாள் நிழலுக்குள் ஒரு பறவையின் நிழல் வந்து கிளையில் உட்காரும், தலையைத் திருப்பும், எழுந்து போகும். வடிவு குந்தியிருந்து விரலால் அதைத் தடவிப் பார்ப்பாள். தொட்டில் கட்டலாம் என்று ஒருத்தி கயிற்றை மேலே வீசினாள், கயிறு அவள் தலையிலேயே விழுந்தது; கிளை இல்லாவிட்டால் போகட்டும் என்று சேலையைத் தரையில் விரித்துப் பிள்ளையைக் கிடத்தினாள்.

நிழல் பழகப் பழகப் புதிய வழக்கங்கள் வந்தன. செவ்வாய், வெள்ளிகளில் சாப்பாட்டுத் தூக்குகள் நிழலுக்குப் போயின. ஒரு பெண்பார்ப்பு அங்கே நடந்தது, மாப்பிள்ளை வீட்டாருக்கு நிழல் ரொம்பப் பிடித்துப்போய்ப் பெண்ணைப் பார்க்கச் சற்று நேரம் மறந்தார்கள். உப்பின் வெள்ளை கண்ணைத் தின்றுவிடும் என்பதால் வருடக்கணக்காகக் கறுப்புக் கண்ணாடியோடே வேலைசெய்கிறவர்கள், நிழலுக்குள் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்கள். சொர்ணத்துக்குப் பூனைக்கண் என்பது, பத்து வருடம் பக்கத்தில் நின்று உப்பு வாரியவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒருவரை ஒருவர் வெட்கத்தோடு பார்த்துக்கொண்டார்கள். மனிதர்களுக்கு எவ்வளவு குறைவாகக் கொடுத்து எவ்வளவு காலம் வைத்திருந்தோம் என்று அந்தச் சூரியனுக்கே அப்போது தோன்றியிருக்கலாம்.

நன்றி சொல்ல வேண்டும் என்ற நினைப்பு அப்புறம்தான் வந்தது. யாருக்குச் சொல்வது என்று தெரியாததால் வண்டிக்குச் சொன்னார்கள். வகுப்பு நாள் காலையில் பட்டுக்கனியின் குடிசை முன்னால் பெண்கள் கூடி, குழைத்த சந்தனத்தை டேங்க் மூடியில் வைத்தார்கள். பதினொரு பேரும் ஆளுக்கு ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம், அதன்மேல் மறுவாரம் இன்னொரு சுற்றுச் சந்தனம். ஏசுவடியான் வேதக்காரர், சந்தனம் வைக்கமாட்டார். ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து மூடியின் நடுவில் நட்டு வைத்தார்.

“ஐயய்யோ, ஏத்திராதிய அண்ணாச்சி! உள்ள பெட்ரோலு!” என்று பட்டுக்கனி கத்தினாள்.

“எனக்குத் தெரியாதாக்கும்? சும்மா நடத்தான் செய்தேன்” என்றார் அவர். அது வெயிலில் தானே உருகி மூடிமேல் படர்ந்தது.

பூஜைக்குப் பலன் இருந்தது. அதை யாராலும் மறுக்க முடியவில்லை. முன்பு மதகில் போய் நின்ற வண்டி, மூன்றாவது வாரம் இரண்டு கிலோமீட்டர் இப்பால் அம்பாரத்துப் பக்கம் நின்றது, ஐந்தாவது வாரம் சரியாகப் பதினான்காம் பாத்தியில், அவர்கள் உப்புச் சுமக்கும் இடத்துக்கே வந்து நின்றது. கால் மணி நேரம் நின்றது அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. “நெழலு நம்மளத் தேடி நடந்து வருதுளா” என்றாள் சொர்ணம். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் சந்தனம் கூட்டினார்கள்.

ஏசுவடியான் மட்டும் முனகினார். “நெழல் விழுந்து விழுந்து பதினாலாம் பாத்தியில உப்பு வெளையல. மொதலாளி கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன், மரம் மறைக்குன்னா?”

“எந்திரிச்சு வெயில்ல நின்னுக்கிட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி” என்றாள் சொர்ணம். அவர் எழுந்திருக்கவில்லை.

பட்டுக்கனிதான் தேய்ந்துகொண்டிருந்தாள். அரை மணி முன்னதாகக் கிளம்பிப் பார்த்தாள். வண்டி அரை மணி கூடுதலாக நின்றது. நிற்கப்போகிற விக்கல் தெரிந்ததும், பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கை இழுத்துவிட்டால் இன்னும் கொஞ்ச தூரம் ஓடும் என்று பழகிக்கொண்டு, சோக்கை இழுத்தபடியே ஓட்டினாள். அதனால் வண்டி பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தது, லிட்டருக்கு அறுபது ஓடும் என்று சொல்லி வாங்கிய வண்டி இருபத்தெட்டைத் தாண்டவில்லை, சைலன்சரில் கரும்புகை வந்தது. நிழலில் உட்கார்ந்திருக்கும் முகங்களைப் பார்க்கும்போது வாய் வராது. இது நிற்காமல் இருந்தால் தேவலை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. வகுப்புக்கு நேரமாகிறது என்பதைக்கூடச் சொல்லவில்லை.

ரெபேக்கா டீச்சர் நல்லவர், ஆனால் அவர் மேஜையில் ஒரு பட்டியல் இருந்தது. “இருபத்திரண்டு பிள்ளைங்க காத்திருக்கு பட்டுக்கனி. நீ வர்றப்ப வகுப்பு முடிஞ்சு போயிருது. வடிவு இன்னும் ஒரு சத்தத்துக்கும் திரும்பல. வர்ற வெள்ளிக்கிழமையும் பத்து மணிக்கு வரலன்னா, இந்த நேரத்த அடுத்த பிள்ளைக்குக் குடுக்கணும். எனக்கும் மனசு கேக்கல. ஆனா அந்தப் பிள்ளைக்கும் வயசு ஏறுதுல்ல?”

பட்டுக்கனி தலையாட்டிவிட்டு, நேராக மீன்பிடித் துறைமுகத்துச் சாலையில் இருந்த மெக்கானிக் தொம்மையிடம் போனாள். அது நாலாவது தடவை.

தொம்மைக்கு அந்த வண்டி மானப்பிரச்சினை ஆகியிருந்தது. மற்ற வண்டிகளைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறவர் அவர். முதல் தடவை பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது அது கண்மை தடவியதுபோலக் கறுத்திருந்தது. “இது அளவுக்கு மேல பெட்ரோல் குடிச்ச வண்டி” என்றார். ஆனால் பட்டுக்கனி சொன்ன விக்கலும் அடங்கலும், பெட்ரோல் கிடைக்காத வண்டியின் அடையாளம். “வயிறு முட்டத் தின்னவன் பசியில மயங்கி விழுவானா தங்கச்சி? ரெண்டுல ஒண்ணுதான நடக்கும்?” கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். ஏர் ஃபில்டரில் உப்புத்தூசி பணியாரம்போல உறைந்திருந்ததைத் தட்டினார். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் உரசுகிறதா என்று காது வைத்துக் கேட்டார். ஒவ்வொரு தடவையும், வண்டி கடைக்கு வந்ததும் மூடியைத் திறந்து எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று எட்டிப்பார்த்துவிட்டு, துறைமுகம்வரை ஓட்டிப்போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் வண்டி ஒழுங்காக ஓடியது.

“என்கிட்ட ஒரு கொறையும் காட்ட மாட்டேங்குது. ஒன்கிட்டதான் நிக்குது.”

“அப்போ பொய் சொல்லுதேன்னு சொல்லுதியளா அண்ணே?”

“சேச்சே. ஏதோ ஒண்ண நான் செய்தேன், நீ செய்யல. இல்ல, நீ செய்யுத, நான் செய்யல. அது என்னன்னு தெரியல.” எண்ணெய்க் கையைப் பனியனில் துடைத்தார். “வெள்ளிக்கிழமை உப்பு லாரியில ஏறி வாரேன். ஒன் வீட்டுலேருந்து பின்னால ஒக்காந்து வாரேன். என் கண்ணு முன்னால நிக்கட்டும்.”

வந்தார். பூஜையையும் பார்த்தார், சந்தனம் வைக்காத வண்டி உலகத்தில் ஏது என்பதால் அது அவர் கண்ணில் பட்டும் படாமல் போயிற்று. வடிவு முன்னால், தொம்மை பின்னால், எட்டே முக்காலுக்குக் கிளம்பினார்கள். ஒரு கிலோமீட்டர்கூட முழுதாக ஓடவில்லை. பதினான்காம் பாத்தியில் வண்டி விக்கியது, பட்டுக்கனி சோக்கை இழுத்தாள், இன்னும் நாலு தென்னை உயரத் தூரம் இழுத்துப்பிடித்து ஓடி அடங்கியது. நிழல் விழுந்தது. பெண்கள் தலையிலிருந்த உப்பு ஓலைப்பெட்டிகளை இறக்கிவிட்டுக் கண்ணாடிகளைக் கழற்றிக்கொண்டே வந்தார்கள்.

தொம்மை இறங்கித் தரையைப் பார்த்தார், ஒருமுறை மேலேயும் பார்த்தார். “நல்ல குளிர்ச்சி. புங்கையா?”

“வேம்பு” என்றாள் சொர்ணம்.

“இருக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் குந்தினார். பெட்ரோல் குழாயைக் கழற்றினார். சொட்டு வந்தது, நின்றது. டேங்கைத் தட்டினார், உள்ளே தளும்பியது. “உள்ள இருக்கு. எறங்க மாட்டேங்குது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே எழுந்து, பழக்கத்தில் சாவியைப் போட்டு மூடியைத் திருகித் திறந்தார்.

ஸ்ஸ்ஸ் என்று டேங்க் மூச்சை உள்ளே இழுத்தது. நெடுநேரம் தண்ணீருக்குள் முங்கிக்கிடந்தவர் மேலே வந்து இழுப்பதுபோல, நீளமாக, ஒரே இழுப்பாக இழுத்தது. பத்தடி தள்ளி, அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து, பறவை நிழலின் இறக்கையைத் தடவிக்கொண்டிருந்த வடிவு திரும்பினாள்.

லாரி ஹாரனுக்குத் திரும்பாதவள். முதுகுக்குப் பின்னால் தட்டின தட்டுச் சத்தத்துக்குத் திரும்பாதவள். திரும்பி, நேராக டேங்கைப் பார்த்தாள்.

“ஏளா பட்டு, புள்ள திரும்புனா!” சொர்ணத்தின் குரல் கிறீச்சிட்டது. “நீ பாத்தியா?”

பட்டுக்கனி பார்த்திருந்தாள்.

“நானும் பாத்தேன்” என்றாள் ஒருத்தி. “நானும்” என்றாள் இன்னொருத்தி. கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோலப் பதினொரு பேரும் சொன்னார்கள்.

“அண்ணே, மூடிட்டு மறுபடி தொறங்க” என்றாள் பட்டுக்கனி.

“இனி வராதும்மா. காத்து உள்ள போயிட்டுல்லா.” விஷயம் புரியாமல் விழித்த தொம்மை கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். பிறகு விரல் நகத்தால் சுரண்டினார். சந்தனம், குங்குமம், சந்தனம், மெழுகு, சந்தனம் என்று அடுக்கடுக்காக, கல்லாக உறைந்து வந்தது. அவர் சிரித்துவிட்டார்.

“எண்ணெய் டின்னுல எதுக்கு ரெண்டு ஓட்டை போடுதிய?”

“ஒண்ணு போட்டா எண்ணெய் வராது” என்றாள் சொர்ணம். “காத்துப் போணும்லா.”

“இதுல இருக்கது ஒரே ஒரு ஓட்டை. ஊசி மொனைதான் இருக்கும். அது வழியாத்தான் டேங்கு மூச்சு விடணும். பூசாரி பாதிய அடைச்சாரு. மீதிய நீங்க எல்லாருமாச் சேந்து அடைச்சிட்டிய. மூச்சு இல்லன்னா பெட்ரோல் எறங்காது, வண்டி பட்டினி கெடந்து நிக்கும். நின்னு கெடக்கும்போது கசிஞ்சு கசிஞ்சு கொஞ்சம் காத்துப் போவும், மறுபடி ஓடும். இது நிக்கக்கூடாதேன்னு தங்கச்சி சோக்க இழுத்துப் பிடிச்சு ஓட்டிருக்கு, அதுலதான் பெட்ரோல் அம்புட்டும் பொகையாப் போயிருக்கு. பட்டினியும் நெசம், கொழுப்பும் நெசம். நான் எப்பவும் மொத வேலையா மூடியத் தொறந்தேன், மூச்சு வந்துட்டு, எனக்கு ஓடிட்டு.” அவர் நிமிர்ந்தார். “சாமி கும்பிடுறோம்னு சாமி மூக்கப் பொத்திட்டியளே தாயி.”

யாரும் சிரிக்கவில்லை. ஓட்டையைத் திறந்தால் வண்டி நிற்காது. வண்டி நிற்காவிட்டால் நிழல் வராது. அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மடியில் கிடந்த கறுப்புக் கண்ணாடிகளைத் தடவிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இலையின் நிழல் அவர்கள் முகங்களின்மேல் போய்ப்போய் வந்தது. தொம்மை மூடியைப் பட்டுக்கனியிடம் நீட்டினார். அவள் வாங்கினாள், வாங்கி வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

“ஒனக்கு வகுப்பு எத்தன மணிக்குளா?” என்றாள் சொர்ணம்.

“பத்து.”

“நீ போயிச் சேருதது எத்தன மணிக்கு?”

பட்டுக்கனி தலை குனிந்தாள். “இன்னைக்கும் பிந்திப் போனா வேற பிள்ளைக்குக் குடுத்துருவாவ மைனி.”

சொர்ணம் எழுந்த வேகத்தில் தூக்குச்சட்டி உருண்டது. “வாயில என்ன, உப்பையா அள்ளிப் போட்டிருந்த? எத்தன நாளா நாங்க இங்கன காலை நீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கோம், நீ பக்கத்துல நின்னு மணியப் பாத்துக்கிட்டே இருந்திருக்க! எங்களப் பத்தி என்னளா நெனச்ச?”

“நீங்க எல்லாம் கண்ணாடியக் கழட்டிட்டு இருந்திய மைனி. எப்படிச் சொல்ல?”

சொர்ணம் தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். மூடியைப் பிடுங்கி, மடியில் வைத்து, ஊக்கின் முனையால் குத்தத் தொடங்கினாள். அவள் ஊக்கு வளைந்ததும் அடுத்தவள் தன் ஊக்கைக் கொடுத்தாள், அது ஒடிந்ததும் அதற்கு அடுத்தவள். தொம்மை பெட்ரோலில் துணியை நனைத்துக் கொடுக்க, தாங்கள் வைத்த பொட்டுகளைத் தாங்களே ஒவ்வொன்றாகத் துடைத்தார்கள். ஏசுவடியான் பேனாக்கத்தியோடு வந்து, மெழுகு என்னுடையது, நான்தான் எடுப்பேன் என்று அடம்பிடித்து எடுத்தார். கடைசியில் சொர்ணம் மூடியை வாயில் வைத்து ஊதினாள்; மறுபக்கத்தில் வைத்திருந்த வடிவின் உள்ளங்கையில் காற்று பட்டது. பிள்ளை கையை மூடிக்கொண்டது.

“சோக்க உள்ள தள்ளு. இனி வண்டி சூடான பொறவு அதத் தொடாத” என்றார் தொம்மை.

மணி ஒன்பது பத்து. பட்டுக்கனி உதைத்தாள். ஒரே உதையில் பிடித்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், நிழல் எந்த ஓரத்திலிருந்து சுருளப்போகிறது என்று பார்த்தார்கள். அது சுருளவில்லை. வண்டி நகர்ந்தது, நிழலும் எழுந்து கூடவே நகர்ந்தது. வரப்புச்சாலையில் வண்டி ஓட, அதன் இருபக்கமும் பாத்திகளின்மேல் அந்தப் பெரிய மரம் வேரும் இல்லாமல் அடியும் இல்லாமல் ஓடியது. பதினைந்தாம் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவன் முதுகைத் தடவிவிட்டுப் பதினாறுக்குப் போனது, அம்பாரத்தின்மேல் ஏறி இறங்கியது, மதகில் தண்ணீர் பிடித்தவர்களை ஒரு மூச்சு நேரம் மூடித் திறந்தது, தார்ச்சாலையில் ஏறி, முன்னால் போன கருவாட்டு வேனைத் தாண்டி, ரயில்வே கேட்டில் காத்திருந்த ஸ்கூட்டர்காரர்களுக்கெல்லாம் நடுவில் நின்று, கேட் திறந்ததும் அவர்கள் போகலாமா வேண்டாமா என்று தயங்க, ஊருக்குள் நுழைந்தது. பயிற்சி நிலையத்தின் வாசலில் அவள் இறங்கியபோது ரெபேக்கா டீச்சர் இன்னும் நாற்காலிகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். சுவர்க்கடிகாரத்தில் பத்தாக எட்டு நிமிடம் இருந்தது. பட்டுக்கனி பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வெளியே வந்து, சுவரில் சாய்ந்து அழுதாள்.

அதன்பிறகு வண்டி நிற்கவில்லை. லிட்டருக்கு ஐம்பத்தேழு கொடுத்தது. செவ்வாய், வெள்ளிகளில் ஒன்பது மணிக்குப் பதினான்காம் பாத்திப் பெண்கள் வரப்பில் வரிசையாக வந்து நிற்பார்கள். நிழல் வரிசையின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும், ஆளுக்கு ஒரு மூச்சு. ஓட்டு, ஓட்டு, நிக்காத என்று கையை வீசுவார்கள். ஆனால் நிழலில் உட்கார்ந்து பழகிய உடம்பு அந்த ஒரு மூச்சோடு அடங்கவில்லை. ஆனி மாதம் ஒரு திங்கள்கிழமை சொர்ணமும் பத்துப் பேரும் பெட்டியைத் தலையில் ஏற்றாமல் அம்பாரத்தின் அடியில் உட்கார்ந்தார்கள். கூரை போட்ட பிறகுதான் எழுந்திருப்போம் என்றார்கள். ஏசுவடியான் கத்தினார், மிரட்டினார், பிறகு அவரும் கால் வலிக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் முதலாளி நான்கு கால்கள் நட ஆள் அனுப்பினார். கீற்று வண்டி நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஆடி பிறந்துவிட்டது. கூரையில்லாத நான்கு கால்கள் மட்டும் பதினான்காம் பாத்தியோரம் வெயிலில் நின்றன.

அந்த ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பு முடிந்து பட்டுக்கனி திரும்பிக்கொண்டிருந்தாள். உச்சி வெயில். உப்பிலிருந்து எழும் வெள்ளையில் தூரத்து மனிதர்கள் கரைந்து கரைந்து தெரிந்தார்கள். பெண்கள் தலைச்சுமையோடு வரப்பு ஏறிக்கொண்டிருந்தார்கள். திரும்புகிற வழியில் யாரும் நிழலை எதிர்பார்ப்பதில்லை, எனவே யாரும் நிமிரவில்லை. காற்று எதிரே அடித்தது, நிழல் வண்டியோடு ஓடிவந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த வடிவு பெண்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு தாயின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அதுவும் போதாது என்று தோன்றியிருக்க வேண்டும், வாயைத் திறந்தாள்.

“நில்லு” என்றாள்.

தெளிவில்லாத, மூக்கில் பாதி தங்கிய, இதற்குமுன் உலகத்தில் யாரும் அப்படிச் சொல்லியிராத ஒரு சொல்லாக அது வந்தது. பட்டுக்கனிக்கு அது காதில் விழுந்து கைகாலுக்கு வர இருபதடி தூரம் ஆயிற்று. பிரேக்கை மிதித்தாள். சாவியைத் திருப்பினாள். வண்டி நின்றது, சாவியால் நிறுத்தினால் வராத நிழல் போகாமல் அங்கேயே நின்றது. அவள் இறங்கி, பிள்ளையோடு வண்டியை இருபதடி பின்னால் உருட்டிக்கொண்டு வந்தாள்; நிழல் தரையில் உரசிக்கொண்டே கூட வந்து, கூரையில்லாத அந்த நான்கு கால்களின்மேல் படிந்தது.

பெண்கள் நிமிர்ந்தார்கள். பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஏசுவடியான் அம்பாரத்துக்குப் பின்னாலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“என்னம்மா, மறுபடியும் ரிப்பேரா?”

“இல்ல அண்ணாச்சி” என்றாள் பட்டுக்கனி. அவளுக்கு மூச்சு வாங்கியது. “வடிவு நிக்கச் சொன்னா.”